வேலிக்கு மேலால் ஒரு கண்

(மாசி மாதம் நடந்த எமது சங்கத்தின் பெற்றோர் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. மலருக்காக எழுதியபோது பேச்சுநடையைச் சில இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "பிள்ளைகளும் புதிய தொழில்நுட்பமும்". அது பெரிய கடல். இருபது நிமிடத்தில் நான் அதில் ஒரு செம்புத் தண்ணீர்தான் அள்ளலாம். ஆகவே ட்ரோன் என்கிற ஒரு சாமானைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். கலியாண வீட்டுக்கு வீடியோ எடுக்க வருகிறவர்கள் தலைக்கு மேலே விடுகிறார்களே, நாலு காத்தாடி பூட்டிய சின்னச் சாமான், அதுதான். இப்போது எங்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் பரிசுகளிலும் அது வந்துவிட்டது.

சனிக்கிழமைகளில் சங்கத்தின் ஆலோசனை மேசையில் இருக்கிறவன் நான். கடிதம் வாசித்துச் சொல்வது, படிவம் நிரப்புவது, தேவையென்றால் மொழிபெயர்க்கக் கூடப் போவது. அந்த மேசைக்கு வருகிற அயற்சண்டைகள் எனக்குப் பழகினவை. கார் நிப்பாட்டுகிற இடம், மதில், குப்பைத் தொட்டி, பொரிக்கிற மணம். போன வருடம் கோடையில்தான் முதன்முதலாக ட்ரோன் சண்டை ஒன்று வந்தது. சம்பந்தப்பட்ட இரண்டு தமிழ்க் குடும்பங்களிடமும் கேட்டுக்கொண்டுதான் இங்கே சொல்கிறேன். பெயரும் இல்லை, தெருவும் இல்லை. யாரென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து தெரியாத மாதிரி இருங்கோ.

அதற்கு முன்னம் என்னுடைய பக்கச்சார்பைச் சொல்லிவிட வேண்டும். நானும் ட்ரோன் விடுகிறவன். ஓய்வு எடுத்த பிறகு மகன் வாங்கித் தந்தது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த வடமராட்சிக்காரனுக்கு மேலே ஒன்று நின்றால் சந்தோசம் வராமல் என்ன செய்யும்? கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பெட்டி என்று எத்தனை பட்டம் கட்டியிருப்போம். விண் பூட்டி இரவிரவாகக் கூவ விட்டு, காலையில் கிழவிமாரிடம் பேச்சு வாங்கியிருப்போம். நூல் அறுந்து பட்டம் பக்கத்து வளவுக்குள் விழுந்தால் படலையடியில் நின்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வேலி பாய்ந்து எடுத்தவனுக்குப் பட்டமும் இல்லை, முதுகும் மிஞ்சாது. ஆகவே பெடியங்கள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. "உந்தச் சனியனைத் தூக்கி எறி" என்று சொல்ல நான் இங்கே வரவில்லை.

சரி, அந்தக் கதை.

பதினைந்து வயதுப் பெடியன். நல்ல பிள்ளை, எங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். வீட்டில் வாங்கிக் கொடுத்த ட்ரோனின் நிறை 249 கிராம். இந்த 249 என்ற எண்ணைக் கவனியுங்கோ. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 250 கிராம் என்பது சட்டத்தின் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு ஒரு கிராம் கீழே நிற்க வேண்டும் என்றே கம்பெனிக்காரர் அளந்து செய்கிறார்கள். டிஜேஐ மினி என்று கடையில் விற்பது அந்த ரகம். இந்த நாட்டில் 250 கிராமுக்கு மேற்பட்டவற்றைப் பொதுவாக ஆட்களிலிருந்து 50 மீற்றரும், வீடுகள் நெருங்கிய பகுதிகளிலிருந்து 150 மீற்றரும் தள்ளித்தான் பறக்க விடலாம். அதற்குக் கீழே என்றால் வீடுகளுக்கு மேலாலும் விடலாம், தனி ஆட்களுக்கு மேலாலும் போகலாம். கூட்டத்துக்கு மேல் மட்டும் கூடாது. உயரம் 120 மீற்றருக்கு மேலே போகக்கூடாது. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அந்தப் பெடியனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பல்கலைக்கழகத்தில் படிக்கிற தமையன் ஒப்பரேற்றர் ஐடி எடுத்து, அந்த இலக்கத்தை ட்ரோனில் ஒட்டியும் இருந்தான். அப்போது அந்த நிறைக்கு ஃபிளையர் ஐடி கட்டாயம் இல்லை. இவன் அந்தச் சோதனையையும் தானாகவே எடுத்து, 40 கேள்வியில் 38 சரி. சித்தியடைய 30 போதும்.

ஆனி மாதம் இரண்டு பின்னேரம், வீட்டுப் பின்வளவிலிருந்து மேலே விட்டிருக்கிறான். வரிசை வீடுகள். பின்வளவுகள் எல்லாம் தீப்பெட்டி அடுக்கின மாதிரி. சூரியன் மறைகிற படம் எடுக்க வேண்டும் என்று ட்ரோனை மேற்குப் பக்கமாக ஓரிடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறான். அது நின்ற இடம் ஆங்கிலேய அயலவரின் பின்வளவுக்கு நேரே மேல். அவர்களுடைய மகள் நீச்சலுடையோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். இரண்டாம் நாள் தகப்பன் வேலிக்கு மேலால் சத்தம் போட்டார். இவன் பயந்து இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டான். ஒரு மறுமொழியும் சொல்லவில்லை. அன்று இரவு ஒன்பது மணிக்குப் பொலிஸ் வந்தது.

பெடியனுடைய தகப்பன் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவர். எனக்கு ரெலிபோன் எடுத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி ட்ரோனைப் பற்றியது அல்ல. "அண்ணை, எங்கட சிற்றிசன்சிப் பேப்பர் இன்னும் உள்ளுக்க கிடக்குது. இதால ஏதும் வருமோ?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்றைக்கு இந்தத் தலைப்பை எடுத்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெடியனுக்கு இது ஒரு பேச்சோடு போகிற விசயம். எங்களுக்கு அப்படி இல்லை. குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நீதிமன்றத் தண்டனை மட்டுமல்ல, பொலிஸ் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அந்தப் பகுதி பொருந்தும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வாங்கினது எங்கே கொண்டுபோய் விடலாம் என்று யோசித்துப் பாருங்கோ.

நல்லகாலம், வந்த பொலிஸ்காரி நிதானமான பிள்ளை. பெடியனுடைய கமரா அட்டையை அங்கேயே போட்டுப் பார்த்தாள். இரண்டு நாள் படத்திலும் கூரைகள், புகைபோக்கிகள், சிவந்த வானம். அயலவரின் வளவு ஓரிடத்திலும் இல்லை. கமரா கிடையாகத் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. பறப்பு விதி ஒன்றும் மீறப்படவில்லை, மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பெடியனுடைய தாய் அப்போது என்னிடம் சொன்னா: "பாத்தியளே அண்ணை, அவையள் வேணுமெண்டு எங்களிலை பழி போட்டிருக்கினம்."

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கீழே நிற்கிற மனிசனுக்கு எப்படித் தெரியும்? மேலே நிற்கிற கமரா வானத்தைப் பார்க்குதா, தன் மகளைப் பார்க்குதா என்று அவருக்குச் சொல்ல ஒரு வழியும் கிடையாது. சன்னலில் ஒரு ஆள் நின்று பார்த்தால் அவன் முகம் எங்கே திரும்பியிருக்கிறது என்று தெரியும். ட்ரோனுக்கு முகம் இல்லை. சத்தம் மட்டும்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்காக ஒரு சின்னக் கணக்கும் சொல்கிறேன். இந்தச் சின்ன ட்ரோன்களில் இருப்பது அகலப் பார்வைக் கமரா. 50 மீற்றர் உயரத்திலிருந்து நேரே கீழே பார்த்தால் ஏறத்தாழ 75 மீற்றர் அகலமான நிலம் படத்தில் விழும். 4கே வீடியோவில் அந்த அகலம் 3840 புள்ளி. ஒரு புள்ளிக்கு இரண்டு சென்ரிமீற்றர். அப்படியென்றால் ஒரு மனித முகம் ஏழெட்டுப் புள்ளிதான். யாரென்று பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. அதுவும் உச்சியில் நின்று பார்த்தால் தெரிவது முகமல்ல, மண்டை. ஆனால் அதே ட்ரோனைப் பத்து மீற்றருக்கு இறக்கினால் ஒரு புள்ளி நாலு மில்லிமீற்றர். அப்போது முகமும் தெரியும், கையில் இருக்கிற புத்தகத்தின் அட்டையும் தெரியும். ஆகவே "உயரத்தில நிண்டா ஒண்டும் தெரியாது அங்கிள்" என்று பெடியங்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது பத்து மீற்றரா ஐம்பது மீற்றரா என்று கீழே நிற்கிறவருக்குச் சரியாக மட்டுக்கட்ட முடியாது. கையளவு சாமான் ஆகாயத்தில் நின்றால் யாராலும் முடியாது.

இனி, வானம் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். சண்டை பிடிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். "என்ர வளவுக்கு மேலால உன்ர சாமான் எப்பிடி வரலாம்?"

யாழ்ப்பாணத்தானுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கதியால் அரை அடி தள்ளி நட்டதற்கு மூன்று தலைமுறை கதையாமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். கோடேற எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. எங்களுடைய உறுதிகளில் நாலு எல்லையும் எழுதி, கிணற்றுப் பங்கு, பாதை, வான்பயிர், செய்பயிர் எல்லாம் எழுதுவார்கள். வானத்தை மட்டும் யாரும் எழுதினதில்லை.

ஐரோப்பாவின் பழைய சட்டக்காரர்கள் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்கள். நிலம் எவனுடையதோ, வானம் வரைக்கும் பாதாளம் வரைக்கும் அவனுடையது என்பது அதன் கருத்து. ஆகாய விமானம் இல்லாத காலத்தில் அதனால் ஒரு கரைச்சலும் வரவில்லை. விமானம் வந்த பிறகு அது எங்கே உடைந்தது என்று காட்ட ஒரு கோழிப்பண்ணை வழக்கு இருக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், இரண்டாம் உலகப் போர்க் காலம். கோஸ்பி என்கிற பண்ணைக்காரருடைய வீட்டுக்கு மேலே 67 அடி உயரத்தில் இராணுவ விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கோழிகள் வெருண்டு சுவரில் மோதி, 150 வரையில் செத்துப் போயின. தொழிலையே கைவிட்டார். 1946இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு விசயம் சொன்னது. வானம் வரைக்கும் உன்னுடையது என்ற பழைய கதை இந்தக் காலத்துக்குச் சரிவராது, அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு விமானத்துக்கும் ஆயிரம் வழக்கு வரும் என்றது. ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு வானம் நிலக்காரனுடையதுதான், ஆகவே அரசாங்கம் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

இங்கிலாந்திலும் அதே மாதிரித்தான். 1957இல் ஒரு புகையிலைக் கம்பெனியின் விளம்பரப் பலகை பக்கத்துக் கடைக் கூரைக்கு மேலாகச் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்ததை அத்துமீறல் என்று நீதிமன்றம் சொல்லிக் கழற்ற வைத்தது. இருபது வருடம் கழித்து, 1977இல், வேறொரு வழக்கு. அதைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ட்ரோன் சண்டைக்கு இதுதான் தாய் வழக்கு. வானத்திலிருந்து வீடுகளைப் படம் பிடித்து, அந்தந்த வீட்டுக்காரருக்கே விற்கிற ஒரு கம்பெனி. கென்ற் பகுதியில் ஒரு பெரிய வீட்டைப் படம் பிடித்துக் கொண்டுபோய் வேணுமா என்று கேட்டிருக்கிறது. வீட்டுக்காரர் பேர்ன்ஸ்ரைன் பிரபு. கிரனாடா தொலைக்காட்சியைத் தொடங்கியவர். ஊரார் வீட்டுக்குள் எல்லாம் படம் காட்டினவருக்குத் தன் வீட்டுப் படம் கண்டதும் கோபம் வந்துவிட்டது. என் வான்வெளிக்குள் அத்துமீறினாய் என்று வழக்குப் போட்டார். தோற்றுப் போனார். நீதிபதி கிரிஃபித்ஸ் சொன்னதன் சாரம்: நிலத்தைச் சாதாரணமாகப் பாவிக்கத் தேவையான உயரம் வரைக்கும்தான் உனக்கு உரிமை. அதற்கு மேலே விமானம் போனால் அத்துமீறல் இல்லை. ஒரு படம் எடுத்ததும் குற்றமில்லை. ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. ஒருவருடைய வீட்டை வானத்திலிருந்து ஓயாமல் கண்காணித்து, அவர் செய்கிற ஒவ்வொன்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தத் தொல்லைக்கு நீதிமன்றம் பரிகாரம் கொடுக்கக்கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்படியென்றால் போவது வேறு, நிற்பது வேறு. இந்த வித்தியாசத்தை நான் சட்டப் புத்தகத்தில் படிக்க முன்னம் ஒரு அம்மாவின் வாயால் கேட்டேன்.

பெடியனுடைய வீட்டிலிருந்து மற்றப் பக்கம் இரண்டு வீடு தள்ளி, புதுக்குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அம்மா மகளோடு இருக்கிறா. 2011இல் வந்தவ. அவ ஒரு முறைப்பாடும் செய்யவில்லை. நான் இந்த விசயமாகப் போய் வருவதைக் கண்டு மகள்தான் கூப்பிட்டாள். ட்ரோன் விட்ட இரண்டு நாளும் அம்மா அடுப்பை நிப்பாட்டிவிட்டு, படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிக்குள் போய் இருந்திருக்கிறா. வெளியே வர ஒரு மணித்தியாலம்.

இங்கே இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 2008இலும் 2009இலும் வன்னியில் இருந்தவர்கள் வேவு விமானத்தை "வண்டு" என்றுதான் சொல்வார்கள். அந்த இரைச்சல் அப்படி. வண்டு மேலே சுற்றிக்கொண்டு நின்றால் பிறகு கிபிர் வரும், அல்லது செல் வரும். எங்களுடைய காலத்தில் ஹெலியும் பொம்பரும் வந்தன, சுட்டன, போயின. வண்டு போகாது. பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்த அம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தம்பி, அது என்னைப் பாக்குதெண்டு நான் சொல்லேல்லை. அது சின்னப் பெடியன்ர விளையாட்டுச் சாமான் எண்டு பிள்ளை காட்டினவள், எனக்கு விளங்குது. ஆனா அது நிக்குதெல்லே. போனாப் பரவாயில்லை. நிண்டா எனக்கு ஏலாது."

நீதிபதி கிரிஃபித்ஸ் பல பக்கத்தில் எழுதினதை இந்த மனிசி ஒரு வரியில் சொல்லிப்போட்டா என்று வீட்டுக்கு வந்து எனக்கு யோசனை.

நின்று பார்ப்பதைப் பற்றி இன்னும் புதிய தீர்ப்பும் வந்திருக்கிறது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் ரேற் மொடேர்ன் கலைக்கூடம் இருக்கிறதல்லவா? 2016இல் திறந்த அதன் புதிய கட்டிடத்தின் பத்தாம் மாடியில் சுற்றிவரப் பார்க்கிற மேடை ஒன்று வைத்தார்கள். வருடத்துக்கு இலட்சக்கணக்கான சனம் ஏறியது. எதிரே கண்ணாடிச் சுவர் வைத்த விலை கூடிய மாடி வீடுகள். மேடையில் நின்ற சனம் அந்த வீட்டுக்காரர் சாப்பிடுவதையும் படுத்திருப்பதையும் பார்த்தது, படம் எடுத்தது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டார்கள். 2019இல் முதல் நீதிமன்றம், கண்ணாடி வீடு வாங்கினது நீங்கள், திரைச்சீலை போடுங்கள் என்ற மாதிரிச் சொன்னது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், வெறுமனே பார்ப்பது தொல்லை என்று சட்டத்தில் இல்லை என்றது. 2023 மாசி முதலாம் திகதி உச்ச நீதிமன்றம் இரண்டையும் புரட்டிப் போட்டது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் வீட்டுக்காரர் பக்கம். மிருகக்காட்சிச்சாலையில் வைத்த மாதிரி ஒருவரை ஓயாமல் பார்ப்பது அயலவருக்குச் செய்கிற தொல்லையாகலாம், அதற்கு அவர் திரைச்சீலை போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று முடிவு. அது ட்ரோன் வழக்கல்ல. ஆனால் நாளைக்கு ஒரு ட்ரோன் வழக்கு மேலே போனால் இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இது. சோதனையில் 38 எடுத்தால் உனக்குக் கிடைப்பது பறக்க விடுகிற அனுமதி. பார்க்கிற அனுமதி அல்ல. பறப்பதற்கு ஒரு சட்டம். பார்ப்பதற்கு வேறு சட்டங்கள். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பயமோ மனவருத்தமோ வருகிற மாதிரி நடந்தால் 1997ஆம் ஆண்டின் துன்புறுத்தல் தடைச் சட்டம் இருக்கிறது. அடையாளம் தெரிகிற மாதிரி ஆட்களைப் படம் பிடித்து வைத்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் வரக்கூடும். விமானத்துக்கு ஆபத்து வருகிற மாதிரி நடந்தால் ஐந்து வருடம் வரை சிறை. இவற்றில் எதற்கும் 249 கிராம் என்ற கணக்கு உதவாது.

நிலத்தின் கதை வேறு. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேலால் போவதை நிலக்காரர் தடுக்க முடியாவிட்டாலும், தன் நிலத்திலிருந்து ஏற்றுவதையும் இறக்குவதையும் தடுக்கலாம். றிச்மண்ட் பார்க், புஷி பார்க் போன்ற அரச பூங்காக்களில் ட்ரோன் தடை. நஷனல் ட்ரஸ்ட் இடங்களிலும் அனுமதி இல்லாமல் கூடாது. விமான நிலையங்களைச் சுற்றித் தடை வட்டம் இருக்கிறது. அதற்குள் எந்தச் சின்ன ட்ரோனும் அனுமதி இல்லாமல் எழும்பக் கூடாது. ஈஸ்ற்ஹாமில் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும், லண்டன் சிற்றி விமான நிலையம் உங்கள் வீட்டுக் கோடியில்தான் இருக்கிறது. ஹேய்ஸ் பக்கம் ஹீத்ரோ, றைஸ்லிப் பக்கம் நோர்தோல்ற் விமானப்படைத் தளம்.

2018 மார்கழியில் கற்விக் விமான நிலையத்தில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். நத்தாருக்கு முதல் வாரம் ட்ரோன் கண்டதாக வந்த செய்தியால் ஏறத்தாழ ஆயிரம் பறப்பு குழம்பி, ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் வழியில் நின்றார்கள். யார் செய்தது என்று இன்றுவரை ஒருவர் மீதும் வழக்கு இல்லை. ஆனால் ஒரு கணவனையும் மனைவியையும் பிடித்து 36 மணித்தியாலம் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் படமும் வந்தது. அந்த மனிசன் மாதிரி விமானம் விடுகிற பொழுதுபோக்கு உள்ளவர், அவ்வளவுதான். குற்றம் இல்லையென்று விட்டார்கள். 2020இல் பொலிஸ் மன்னிப்புக் கேட்டு இரண்டு இலட்சம் பவுண் கட்டியது. ஊரில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரருக்கே இந்த நிலை என்றால் என்று நான் வசனத்தை முடிக்கவில்லை.

கீழே நிற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல் எறியாதேங்கோ. தும்புத்தடியால் அடிக்காதேங்கோ. 2015இல் அமெரிக்காவில் கென்ரக்கி மாநிலத்தில் ஒருவர், மகள்மார் பின்வளவில் இருந்த நேரம் மேலே வந்த ட்ரோனைத் துவக்கால் சுட்டு விழுத்தினார். கைது செய்தார்கள். பிறகு அங்குள்ள நீதிபதி, தனிமைக்குள் புகுந்ததற்குச் சுட்டது சரி என்று விட்டுவிட்டார். இந்தக் கதை வாட்சப்பில் சுற்றுவதைப் பார்த்து இங்கே யாரும் வீரம் காட்டக்கூடாது. அது அந்த நாட்டுக் கீழ் நீதிமன்றம் ஒன்றின் முடிவு. இந்த நாட்டில் மற்றவனுடைய சாமானை உடைத்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச் சேதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் முறைப்பாடு உங்கள் பெயரில் வரும். பிறகு அந்த நன்னடத்தைப் பகுதியை நீங்கள்தான் நிரப்ப வேண்டி வரும். திகதி, நேரம், எவ்வளவு நேரம் நின்றது என்று குறித்து வையுங்கள். முதலில் போய்க் கதையுங்கள். கதைக்க முடியாவிட்டால் 101க்கு எடுங்கள்.

இன்னொன்றும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கக் கதை சொன்னவனாவேன். எங்களுடைய வாசல்களில் தொங்குகிற மணிக் கமராக்களும் கண்தான். 2021 ஒக்டோபரில் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றத்தில், வாசல்மணிக் கமராவும் மற்றக் கமராக்களும் பூட்டிய ஒருவருக்கு எதிராக அயல்வீட்டுப் பெண்மணி வழக்கில் வென்றிருக்கிறா. படம் பிடித்ததைவிட, தூரத்தில் கதைப்பதையும் கமரா கேட்டதுதான் நீதிபதிக்குப் பெரிதாகப் பட்டது. தெரு முழுக்க விழுகிற மாதிரிக் கமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு மற்றவன் ட்ரோனுக்குப் பாய்வது, தன் முதுகு தனக்குத் தெரியாத கதை. வீட்டுக்குப் போய் ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ, அது எதைப் பார்க்குதென்று.

அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். முழுக்க முடியவில்லை.

எங்களுடைய ஒழுங்கையில் பனை சீவ வருகிறவர் மரத்தில் கால் வைக்க முன்னம் ஒரு குரல் கொடுப்பார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளைகள் உடுப்பைச் சரிசெய்ய அந்தக் குரல் போதும். கிடுகு வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் பனையிலிருந்து பார்த்தால் எல்லா வளவும் தெரியும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவரை ஏறாதே என்று யாரும் சொன்னதில்லை. இதை நான் பெடியனுக்குச் சொன்னேன். கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டான்.

தாயும் மகனுமாகப் போய் அந்த அம்மாவுக்கு ட்ரோனையும் அதன் திரையையும் காட்டினார்கள். அம்மா திரையில் தன் வீட்டுக் கூரையைப் பார்த்துவிட்டு, ஓடு ஒன்று கழன்றிருக்கிறதென்று கண்டுபிடித்தா. இப்போது அவன் பின்வளவில் விடுவதில்லை. சனிக்கிழமை பின்னேரம் விளையாட்டு வெளிக்குப் போகிறான். கவுன்சிலிடம் கேட்டு அனுமதி எடுத்துக் கொடுத்தோம். போக முன்னம் அம்மாவின் மகளுக்கு ஒரு செய்தி போடுவான். வெளி ஐந்நூறு மீற்றர் தூரம், சத்தம் கேட்காது. இருந்தாலும் போடுவான். அந்த நேரம் அம்மா இன்னும் முன்னறைக்கு வந்து ரீவியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத்தான் இருப்பாவாம். அலுமாரிக்குள் போவதில்லை.

ஆங்கிலேய அயலவரிடம் நானும் தகப்பனும் போனோம். கதவைப் பாதி திறந்து கேட்டார். பெடியன் எழுதின கடிதத்தை வாங்கினார். படம் அட்டையில் இல்லை என்று பொலிஸ் சொன்னதைத் தான் நம்புகிறாராம், ஆனால் மகள் அந்தக் கோடை முழுக்கப் பின்வளவுக்கு வரவில்லையாம். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இரண்டு கிழமை கழித்துப் புது வேலி போட்டிருக்கிறார். இரண்டு மீற்றர், திட்ட அனுமதி இல்லாமல் போடக்கூடிய ஆகக்கூடிய உயரம். எங்களுடைய ஆட்கள் மாதிரித்தான்.

கடைசியாக ஒரு அறிவித்தல். இந்த 2026 தை முதலாம் திகதியிலிருந்து விதி மாறிவிட்டது. 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எந்த ட்ரோனைப் பறக்க விடுகிறவரும் ஃபிளையர் ஐடி எடுக்க வேண்டும். அது இலவசம். 13 வயதுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் கூட இருந்து எடுக்க வேண்டும். அந்த நிறையில் கமராவும் இருந்தால் ஒப்பரேற்றர் ஐடியும் வேண்டும், அதற்கு வருடாந்தம் ஒரு சின்னக் கட்டணம். ஒப்பரேற்றர் 18 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும் என்பதால், பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் பொறுப்பாளி நீங்கள்தான். நத்தாருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு இன்னும் பதியாமல் இருக்கிறவர்கள் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை மேசைக்கு வாருங்கோ. பெடியனையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ, சோதனைக் கேள்விகளைத் தமிழில் விளங்கப்படுத்த நான் இருக்கிறேன். அந்த 38 எடுத்த தம்பியும் உதவிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். மேடையை அவர்களுக்கு விடுகிறேன்.